அண்ணன் எடுத்து வைத்த சாரி கார்டு

முதலில் ஒன்றைத் தெளிவாக எழுதிவிடுகிறேன். எங்கள் அண்ணன் வண்டியில் விழுந்து இறக்கவில்லை. துக்கம் கேட்க வந்தவர்களில் பாதிப்பேர் என் கையைப் பிடித்துக்கொண்டு, வண்டியிலா விழுந்தார் என்றுதான் கேட்டார்கள். அழுகையோடு எனக்குக் கோபமும் வந்தது. வாழ்நாளெல்லாம் வண்டியோடு கிடந்த மனிதரின் முழங்காலில் ஒரு தழும்பு கிடையாது. வயிற்றில் வந்த கட்டிதான் அவரைக் கொண்டுபோனது. அவர் போய் இந்த மாதத்தோடு ஒரு வருடம் ஆகிறது. இந்த நினைவு மலர் யார் கைக்குப் போனாலும் இது தெரிந்திருக்கட்டும்.

அண்ணன் பிறந்தது செக்கானூரணிக்குப் பக்கத்தில், எங்கள் அப்பாவின் ஊரில். கிணற்றுத் தண்ணீரை நம்பிப் பருத்தியும் சோளமும் போட்ட குடும்பம். பிள்ளைகள் நாங்கள் இரண்டு பேர். அண்ணன் பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்தபோது அப்பா திடீரென்று தவறிவிட்டார். அம்மாவுக்கு ஒன்றும் ஓடவில்லை. அண்ணன்தான் தினமும் காலேஜ் விட்டதும் காளவாசலில் ஒரு மோட்டார் ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து, படிப்பையும் விடாமல், என்னையும் படிக்க வைத்தார். நான் இன்று ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராக நிற்கிறேன் என்றால் அது அவர் போட்ட சோறு. அந்த ஒர்க்‌ஷாப்பில்தான் வெல்டிங் செல்வம் அவருக்குச் சிநேகம் ஆனார். அன்று முதல் கடைசிவரை இருவரும் ஒருவரையொருவர் மாப்ள என்றே கூப்பிட்டுக்கொண்டார்கள்.

பிறகு அண்ணனுக்குத் தல்லாகுளத்தில் அரசாங்க ஆபீசில் வரைவாளர் வேலை கிடைத்தது. காளவாசலுக்கு மேற்கே சின்னதாக ஒரு வீடு கட்டினார். சோழவந்தானிலிருந்து மதினி வந்தார். ஒரு பெண் பிறந்தாள். இப்போது சென்னையில் வேலை பார்க்கிறாள். வாங்கிய சம்பளத்துக்கு வஞ்சகமில்லாமல் உழைத்தார், யாரிடமும் கைநீட்டியதில்லை, உறவில் ஒரு கல்யாணம் காரியம் என்றால் பந்தல்கால் ஊன்றும்போதே அங்கே நிற்பார். இதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

வீட்டுக்குப் பக்கவாட்டில் தகரம் போட்ட ஷெட் ஒன்று இருந்ததும் உங்களுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை அண்ணனைப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் அந்த ஷெட்டில்தான் பார்த்திருப்பீர்கள். யாரோ வேண்டாம் என்று மழையில் போட்டுவைத்த பழைய பைக்கை வாங்கி வருவார். மாதக்கணக்கில் பிரிப்பார், தேய்ப்பார், பூட்டுவார். ஹேண்டிலைத் தாழ்த்தி, டேங்கை நீளமாக்கி, பின்பக்கம் சேஸ் என்கிற இரும்புச் சட்டத்தை வெட்டி, ஓர் ஆள் மட்டும் குனிந்து உட்காருகிற மாதிரி சின்னச் சீட்டு வைப்பார். கஃபே ரேசர் என்று அதற்குப் பெயர். அந்தக் காலத்தில் சீமையில் பையன்கள் ஒரு டீக்கடையிலிருந்து இன்னொரு டீக்கடைக்கு ரேஸ் விடுவதற்காக இப்படிச் செய்தார்களாம். இதைக் கேட்ட எங்கள் அம்மா, "டீ குடிக்கப் போறதுக்கு என்னத்துக்குடா இம்புட்டுக் குனியணும்?" என்றார். அண்ணன் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

செய்து முடித்த வண்டியைத் தானே வைத்துக்கொள்ளவும் மாட்டார். கொஞ்ச நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு, ஆசைப்பட்ட சிநேகிதர் யாருக்காவது கொடுத்துவிட்டு, அடுத்த ஓட்டை வண்டியைத் தேடிப் போவார். அண்ணனுக்கு இரும்பைப் பிடிக்குமா, மனிதரைப் பிடிக்குமா என்று எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

அவருக்கென்று ஒரு முறை உண்டு. சேஸில் எங்கே வெட்டுவது என்று சாக்பீஸால் கோடு போட்டுவிட்டு, நாலைந்து நாள் டீயும் கையுமாக அதைப் பார்த்துக்கொண்டே இருப்பார். பிறகுதான் வெட்டுவார். வெட்டிய துண்டைக் காயலான் கடைக்குப் போட விடமாட்டார். எந்த வண்டியின் துண்டு என்று எழுதிக் கட்டி, ஷெட் சுவரில் தொங்கவிடுவார். "வெட்டுறது பெரிய வேலையா மாப்ள? நாளைக்கு மனசு மாறுனா எதக் கொண்டு ஒட்டுவ?" என்று செல்வத்திடம் சொல்வாராம். ஆனால் பின்சக்கரத்துப் பக்கத்தில் இருக்கும் சாரி கார்டு மேல் மட்டும் அவருக்கு எந்த இரக்கமும் கிடையாது. பின்னால் உட்காருகிற பெண்களின் சேலை சக்கரத்தில் மாட்டாமல் தடுக்கிற கம்பித் தடுப்புத்தானே அது. பின்சீட்டே இல்லாத வண்டிக்கு அது எதற்கு? வண்டி ஷெட்டுக்குள் வந்ததும் முதலில் கழற்றி மூலையில் எறிவது அதைத்தான். மதினி அதில் ஒன்றை எடுத்துக் கழுவி, அடுப்படியில் தட்டுக் கவிழ்க்க வைத்துக்கொண்டார்.

மதினி அந்த வண்டிகள் ஒன்றில்கூட ஏறியதில்லை. ஏற இடம் இருந்தால்தானே. குடும்பத்துக்கென்று ஒரு ஸ்கூட்டர் இருந்தது. கோயில், கடை, ஆஸ்பத்திரி எல்லாம் அதில்தான். "ஒத்தைச் சீட்டுக்காரருக்கு எதுக்குக் கல்யாணமாம்?" என்று மதினி எங்கள் முன்னாலேயே கேலி செய்வார். அண்ணன் சிரித்துவிட்டு ஸ்கூட்டரை எடுப்பார். கேலிதான். ஆனால் எங்கள் வீட்டுக் கேலியில் பாதிக்கு மேல் உண்மை இருக்கும்.

உடம்புக்கு வந்தது தெரியாமலே வந்தது. சாப்பாடு இறங்கவில்லை என்றார், வாயு என்றோம். கசாயம், மாத்திரை என்று கொஞ்ச காலம் போனது. ஸ்கேன் பார்த்த டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, கட்டி என்றார். அம்மா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். இதையெல்லாம் பார்க்காமல் போனாரே, அதுவரைக்கும் நல்லது.

ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்த அந்த நாட்களில்தான் அண்ணன் கடைசி வண்டியை ஆரம்பித்தார். இன்ஜினைப் பிரித்துப் பூட்டும்வரை அவரே செய்தார். மருந்து ஏற்ற ஏற்ற விரல்கள் மரத்துப்போய், ஸ்பேனர் கையிலிருந்து நழுவ ஆரம்பித்தது. அதன் பிறகு ஷெட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். அவர் சொல்லச் சொல்லச் செல்வம் செய்வார். ஹேண்டில் தாழ்ந்தது, டேங்க் வந்தது. பின்பக்கம் வெட்டுகிற கட்டம் வரும்போதெல்லாம், "அத அப்புறம் பாத்துக்கிருவோம் மாப்ள" என்று தள்ளிப்போட்டார். சாக்பீஸ் கோடுகூடப் போடவில்லை. தெம்பு இல்லை, அதனால்தான் என்று நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டோம். அந்தக் கட்டம் வராமலே அவர் போய்விட்டார்.

பதினாறாம் நாள் காரியத்தன்று பந்தியெல்லாம் முடிந்த பிறகு செல்வம் எங்களிடம் வந்தார். அண்ணனோடு வண்டி ஓட்டிய சிநேகிதர்கள் கூடவே நின்றார்கள். "டீச்சர், மாப்ள வண்டிய நாங்க முடிச்சுத் தாரோம். வருசம் திரும்புறதுக்குள்ள வாசல்ல நிக்கும்" என்றார். சில உறவுக்காரர்கள் அதை வந்த விலைக்குத் தள்ளிவிடச் சொல்லிக்கொண்டிருந்த நேரம் அது. நான் செல்வத்தைக் கும்பிட்டேன். மதினி தலையை மட்டும் ஆட்டினார்.

அவர்கள் செய்தார்கள். தங்கள் பிழைப்பைப் பார்த்துவிட்டு, மிச்ச நேரத்தையெல்லாம் அந்த ஷெட்டில் போட்டார்கள். அண்ணன் எங்கே வெட்டுவார், எவ்வளவு வெட்டுவார் என்பது செல்வத்துக்கு மனப்பாடம். கோடு இல்லாமலே அளவு மாறாமல் வெட்டினார். நடு ஸ்டாண்டையும் பின்னால் கால் வைக்கிற கம்பிகளையும் கழற்றினார். ஷெட்டில் அண்ணன் வாங்கி வைத்திருந்த சீட்டு ஸ்பாஞ்சு நீளமாக இருந்ததாம்; கடைக்காரன் தெரியாமல் கொடுத்துவிட்டான் போல என்று அதைப் பாதியாக நறுக்கினார். அண்ணன் செய்வது போலவே, வெட்டிய துண்டைச் சுவரில் தொங்கவும் விட்டார். பெயின்டர் காதர் பாய் டேங்குக்குக் கறுப்பு அடித்து, மெல்லிசாகத் தங்கக் கோடு இழுத்தார்.

வேட்டி போட்டு மூடித் தள்ளிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தித் திறந்தபோது நான் வாய்விட்டு அழுதேன். அண்ணனே செய்தது போல இருந்தது. எல்லோருமே அழுதோம். மதினி வெளியே வந்து, வண்டியின் பின்பக்கத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். எல்லோருக்கும் டீ போட வேண்டும் என்று உள்ளே போய்விட்டார். டீயும் போட்டுக் கொடுத்தார்.

எல்லோரும் போன பிறகு அடுப்படிக்குப் போனேன். மதினி தரையில் உட்கார்ந்திருந்தார். மடியில் அண்ணனின் பழைய வேட்டியில் சுற்றிய ஒரு பொட்டலம். பிரித்துக் காட்டினார். ஒரு சாரி கார்டு. துருவெல்லாம் தேய்த்து, கறுப்புப் பெயின்ட் அடித்துப் புதிதாக இருந்தது.

"இத அந்த வண்டியில எங்கன மாட்டுறது தாயி?" என்று கேட்டார்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். கடைசியாக ஆஸ்பத்திரியில் சேர்ப்பதற்குச் சில நாள் முன்னால் அண்ணன் அதை மதினியிடம் கொடுத்து, பத்திரமாக வைக்கச் சொல்லியிருக்கிறார். "இந்த வண்டி ரெண்டு பேருக்கு. உன்னையப் பின்னால வச்சுத் தெப்பக்குளம் வரைக்கும் போயிட்டு வாரேன். யாருட்டயும் சொல்லாத, செல்வம் கேலி பண்ணுவான்" என்றாராம். வெட்டாமல் தள்ளிப்போட்டதெல்லாம் தெம்பு இல்லாததால் அல்ல. அங்கே மதினி உட்கார வேண்டியிருந்தது.

ஏன் மதினி சொல்லவில்லை என்று எனக்கு ஆற்றாமையாக வந்தது. "புருசன் பொஞ்சாதி பேசுனத எப்படித் தாயி வெளிய சொல்றது? அவரே போயிட்டாரு. அவுங்க ஆசையாச் செய்யிறாங்க, நான் போயி குறுக்க நிக்கவா?" என்றார். செல்வத்திடம் சொல்லவே கூடாது என்று என்னிடம் சத்தியம் கேட்டார். நான் செய்யவில்லை. என் வாய் எப்படிப்பட்டது என்று உங்களுக்கெல்லாம் தெரியும். மறுநாளே காளவாசலில் செல்வத்தின் கடைக்குப் போய்ச் சொல்லிவிட்டேன்.

செல்வம் அப்படியே கடைப் படியில் உட்கார்ந்துவிட்டார். "மாப்ள வெட்டாம வச்சிருந்ததையா நான் வெட்டுனேன்" என்றார். அன்றைக்கே ஷெட்டுக்கு வந்து, சுவரில் தொங்கிய துண்டையும் வண்டியையும் எடுத்துக்கொண்டு போனார்.

அதே துண்டை அதே இடத்தில் வைத்து ஒட்டினார். ஸ்டாண்டு வந்தது, கால் கம்பிகள் வந்தன, இரண்டு பேர் உட்காருகிற சீட்டு வந்தது. ஒட்டிய இடத்தைத் தேய்த்துப் பெயின்ட் அடித்தால் தெரியாது என்று செல்வம் சொன்னபோது, மதினி வேண்டாம் என்றுவிட்டார். அந்தத் தடம் இப்போதும் தெரிகிறது. சாரி கார்டை மட்டும் மதினி தன் கையால் எடுத்துக் கொடுத்தார்.

போன ஞாயிற்றுக்கிழமை வண்டி மறுபடி வாசலுக்கு வந்தது. தெப்பக்குளம் வரை தானே கூட்டிப்போவதாகச் செல்வம் சொன்னார். என் வீட்டுக்காரரும் கேட்டுப் பார்த்தார்.

"வேணாம்ணே. வேற ஆளு ஓட்டி நான் அதுல உக்கார மாட்டேன். ஸ்டாண்டுல நிப்பாட்டுங்க, போதும்" என்றார் மதினி.

நடு ஸ்டாண்டில் நிறுத்தினார்கள். மதினி ஒரு பக்கமாகப் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். முன்சீட்டு காலியாக இருந்தது. செல்வம் பக்கத்தில் நின்று ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு, இன்ஜினை உதைத்துக் கியரைப் போட்டார். தரையில் படாமல் பின்சக்கரம் சுற்றியது. மதினி ஒரு கையை முன்சீட்டின் மேல் வைத்துக்கொண்டு தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சேலை எதிலும் மாட்டவில்லை. இறங்கும்போது தலைப்பால் சீட்டைத் துடைத்துவிட்டு, எல்லோரையும் சாப்பிட வரச் சொன்னார்.

அண்ணனின் கடைசி நாட்களில் முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட டாக்டர்களுக்கும் நர்சுகளுக்கும், எங்கள் வீட்டு அடுப்பு எரியாத நாட்களில் சாப்பாடு கொண்டு வந்த தெருக்காரர்களுக்கும், தல்லாகுளம் ஆபீஸ் சிநேகிதர்களுக்கும், காதர் பாய்க்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. செல்வத்துக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். அவர் இன்னும் மதினியின் முகத்தை நேராகப் பார்ப்பதில்லை. அண்ணனை அவ்வளவு நன்றாகத் தெரிந்தவர் என்பதால் வந்த தவறு அது. இந்த வீட்டில் அதை யாரும் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. செல்வண்ணே, இதைப் படித்த பிறகாவது வழக்கம்போல் டீக்கு வாருங்கள்.

நினைவு நாளன்று அந்த வண்டி வாசல் பந்தலில் நிற்கும். வருகிறவர்கள் தாராளமாகத் தொட்டுப் பார்க்கலாம். குழந்தைகளைப் பின்சீட்டில் ஏற்றிப் போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். முன்சீட்டில் மட்டும் யாரும் உட்கார வேண்டாம் என்று மதினி கேட்டுக்கொள்கிறார்.