அந்த வீட்டில் மட்டும் 0.39

போன வாரம் ஒரு லேப்டாப்பைப் பார்த்துப் பயந்தேன்.

நான் சுடுகாட்டு ஷெட்டில் படுத்து எழுந்தவன். திருப்பூரில் வேலை போயிருந்த சமயம். நல்ல மழை. வேறு இடமில்லை, படுத்தேன். தூக்கமும் வந்தது. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டதிலிருந்து எங்கெங்கோ படுத்தாயிற்று. பயமெல்லாம் வயிறு நிறைந்தவர்களுக்கு வருவது என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்...

இப்போது ஜாகை அன்னவாசல். மாடியில் தகரக் கூரை போட்ட ஓர் அறை. கீழ் வீட்டில் சுகன்யா குடியிருக்கிறாள். கணவர் குவைத்தில். இவள் வீட்டிலிருந்தே சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வேலை பார்க்கிறாள் — ஆன்லைனில் பொருள் வாங்கியவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு டைப் அடித்துப் பதில் சொல்கிற வேலை.

ஒரு நாள் காலை அவளுடைய லேப்டாப் தானாக அப்டேட் ஆனது. வெகுநேரம் வட்டம் சுற்றிவிட்டுத் திரும்பி வந்தபோது அது பழைய மெஷினாக இல்லை. ஒரு எழுத்தைத் தட்டினால், யோசித்துவிட்டுத்தான் காட்டியது.

கம்பெனிக்காரர்கள் ஒரு ஆப் கொடுத்திருக்கிறார்கள். ப்ராசஸர் வேகம், நெட், கேமரா எல்லாவற்றையும் அதுவே சோதித்து ரிப்போர்ட் அனுப்பிவிடும். வீட்டு நெட்டிலிருந்துதான் டெஸ்ட் எடுக்க வேண்டும். சுகன்யாவின் ரிப்போர்ட்டில் ப்ராசஸர் வேகம் 0.39 கிகாஹெர்ட்ஸ். இருக்க வேண்டியது இரண்டுக்கு மேல். ஃபெயில். மறுநாளும் ஃபெயில். மூன்றாவது தடவையும் போனால் லாகினை மூடிவிடுவார்கள்.

“போனா போகட்டும்மா, வேற வேலை பாத்துக்கலாம்” என்றேன். எனக்கு வேலை போவது பஸ் போவது மாதிரி.

அவள் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். விரல் நுனிகளில் கறுப்புக் கறுப்பாகத் தழும்பு.

“கந்தர்வக்கோட்டையில மாமியா வீட்டுல முந்திரிக்கொட்டை ஒடச்சதுண்ணே. அந்தப் பாலு பட்டா தோலு வெந்துரும். சம்பளம் வர்ற வரைக்குந்தான் தனி வீடு, இல்லாட்டி எங்க அம்மாகூடப் போய் இருன்னு அவரு கண்டிசனாச் சொல்லிட்டாரு. இது போச்சுன்னா நா அங்கிட்டுதான் போகணும்.”



கடைத்தெருவில் சர்வீஸ் கடை வைத்திருக்கும் ரபீக்கிடம் மெஷின் போனது. அவன் கடையில் வேகம் 2.80. குதிரை. சந்தோஷமாகத் தூக்கிக்கொண்டு வந்தாள். வீட்டில் வைத்தால்... 0.39. திரும்பக் கொண்டுபோனாள். அங்கே 2.80. ரபீக் அப்டேட்டைக் கழற்றப் பார்த்தான், அது வரவில்லை; பவர் செட்டிங்கை மாற்றிப் பார்த்தான், ஃபேனைத் திறந்து தூசு தட்டினான். மறுபடி வீடு. மறுபடி 0.39.

“அக்கா, என் கடையில ஒரு கொறையும் இல்ல. ஒங்க வீட்டு வாசப்படி ஏறுனா படுத்துக்குது. நா என்னத்தப் பாக்குறது?” என்றான்.

பக்கத்து வீட்டுப் பாக்கியத்தக்கா இதற்காகவே காத்திருந்த மாதிரி வந்தார்.

“மெஷினுக்கு ஒண்ணும் இல்லத்தா. வீட்டுக்குத்தான். ஒனக்கு முன்னாடி ஒரு சாரு இருந்தாரு. ஒண்டிக்கட்டை. அவரும் இப்புடித்தான், பொழுதன்னைக்கும் கம்ப்யூட்டர்ல தட்டிக்கிட்டே கெடப்பாரு. ஒரு மத்தியானம் ஒக்காந்தமேனிக்கே போயிட்டாரு. யாருக்கும் தெரியல. மெஷினு மட்டும் ஓடிக்கிட்டே கெடந்துச்சு.”

“ஒங்க வீட்டு மிக்ஸியுந்தான் ஓடலங்கிறீங்க. அதுல யாருக்கா ஒக்காந்திருக்கா?” என்றாள் சுகன்யா.

“அதுல எங்க வீட்டுக்காரரு ஒக்காந்திருக்காரு. ரிப்பேருக்குக் குடுன்னு சொல்லி வருசமாச்சு, அசையிறாரா பாரு.”

எல்லோரும் சிரித்தோம். ஆனாலும் அன்றைக்கு சுகன்யா வேலை பார்க்கிற மேஜையை ஜன்னல் பக்கமாக நகர்த்திப் போட்டதை நான் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மூன்றாவது டெஸ்ட். ரபீக் காலையிலிருந்து மெஷினைக் கடையில் ஓடவிட்டுவிட்டு, சாப்பாட்டு நேரத்தில் அவனே எடுத்து வந்தான். வயரைச் சொருகி ஆன் செய்தான். நானும் கீழே இறங்கி வந்தேன். வெளியே வெயில் வெள்ளையாக நின்றது. தெருவில் ஒரு நாய்கூட இல்லை.

0.39.

சுகன்யா நாற்காலியில் உட்கார்ந்து தன் பெயரை டைப் அடித்தாள். திரையில் ஒன்றுமில்லை. கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அப்புறம் ஒவ்வொரு எழுத்தாக வர ஆரம்பித்தது. கீபோர்டில் யாருடைய விரலும் இல்லை.

“கேமராவப் போடுங்கக்கா, அதையும் பாத்துருவோம்” என்றான் ரபீக்.

திரையில் சுகன்யாவின் முகம் வந்தது. அவள் தண்ணீர் எடுக்க எழுந்து அடுப்படிக்குப் போனாள். நாற்காலி காலி. ரபீக்கும் நானும் திரையைப் பார்த்தோம்.

திரையில் அவள் உட்கார்ந்திருந்தாள். எங்களைப் பார்த்துக்கொண்டு.

அடுப்படியில் சொம்பு உருளும் சத்தம் கேட்டது. திரையில் இருந்தவள் அப்போதும் எழவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மெதுவாகத் தலையைத் திருப்பினாள். பிறகு எழுந்தாள். பிறகு போனாள்.

“லேகுண்ணே” என்றான் ரபீக்.

லேக்தான். மெஷினுக்கு வேகம் இல்லை, படம் பிந்தி வருகிறது. எட்டாவது படித்த எனக்கே புரிகிறது. ஆனாலும் நாங்கள் இருவரும் அந்த நாற்காலியை விட்டு ஓர் அடி தள்ளி நின்றோம்.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது.

ஃபேன் தேய்ந்து நின்றது. அப்டேட் ஆனதிலிருந்து கரண்ட் போனால் லேப்டாப்பும் கூடவே செத்துவிடும். பேட்டரியும் போய்விட்டது என்று நினைத்திருந்தாள் சுகன்யா. இன்றைக்குச் சாகவில்லை. 0.39 என்ற எண் நடுங்கியது. 1.20. 2.10. 2.80. கரண்ட் போன வீட்டில், மின்சாரம் இல்லாத மத்தியானத்தில், அந்த மெஷின் மட்டும் உயிர் வந்து நின்றது.

வாசலில் நின்ற பாக்கியத்தக்கா முணுமுணுவென்று சாமி பெயரைச் சொன்னார்.

கரண்ட் வந்தது. 0.39.

அடுப்படியிலிருந்து திரும்பியிருந்த சுகன்யா சொம்பைக் கீழே வைத்தாள். யாரிடமும் கேட்காமல் லேப்டாப்பில் சொருகியிருந்த சார்ஜர் வயரைப் பிடுங்கினாள். 2.80. சொருகினாள். 0.39. பிடுங்கினாள். 2.80.

“வீடு இல்ல ரபீக். இதுதான்” என்றாள்.

ரபீக் தலையில் கைவைத்துக்கொண்டான். “கடையில நம்ம சார்ஜர்லதானே போடுவோம். மெஷின மட்டும்தான் எல்லாரும் கொண்டாருவாங்க. எவன் சார்ஜரத் தூக்கிட்டு வாரான்?”

அப்டேட்டோடு சேர்ந்து வந்த புதுச் சமாச்சாரமாம். சொருகுகிற சார்ஜரை மெஷின் விசாரிக்கிறது — நீ யார், என்னுடையதா? சரியான பதில் வராவிட்டால் எதற்கு வம்பு என்று வேகத்தை அடியோடு குறைத்துக்கொள்கிறது. பேட்டரிக்கும் சார்ஜ் ஏற்றாது. ரபீக் கடையில் ஏற்றிக் கொண்டுவந்த சார்ஜ்தான் இப்போது ஓடுகிறது.

அவன் அந்தச் சார்ஜரைத் திருப்பிப் பார்த்தான். “இது இந்த மெஷினோடது இல்லையேக்கா. எங்க வாங்குனீங்க?”

“வாங்கல. நம்மளத நாலஞ்சு மாசம் முன்னாடியே எலி கடிச்சிருச்சு. பரண்ல இது கெடந்துச்சு. பின்னு சரியாச் சேந்துச்சா... போட்டுக்கிட்டேன்.”

பரணில் யாருடையது கிடந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. பாக்கியத்தக்கா வாசலிலிருந்து தெருவுக்கு இறங்கி நின்றுகொண்டார்.

வயரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியிலேயே டெஸ்ட் எடுத்தாள். பச்சை டிக் விழுந்தது. ரபீக் சாயங்காலமே சரியான சார்ஜர் கொண்டுவந்து கொடுத்தான். வேலை பிழைத்தது.

காரணம் தெரிந்தால் பயம் போய்விடும் என்கிறார்கள். போகிறதா? இத்தனை மாதமும் அவளுடைய வேலை, செத்துப்போன ஒரு மனிதரின் வயரில் ஓடியிருக்கிறது. அப்டேட் வந்து ‘நீ யார்’ என்று கேட்டபிறகுதான் பதில் வரவில்லை. ரபீக் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை. சரி... பாக்கியத்தக்கா சொன்னதில் மட்டும் எது தப்பு?

“வீடு மாத்தலையா?” என்று சுகன்யாவிடம் கேட்டேன்.

“பேயே இருந்தாலும் மாமியா வீட்டுக்கு இது தேவலண்ணே” என்றாள். டைப் அடித்தபடியேதான் சொன்னாள். எழுத்துகள் விரலோடு ஒட்டி ஓடின.

ஆனால் லேப்டாப் கேமராவின் மேல் ஸ்டிக்கர் பொட்டு ஒன்று ஒட்டியிருந்தது. காலையில் அட்டெண்டன்ஸுக்கு மட்டும் அதை எடுத்து நெற்றியில் வைத்துக்கொள்வாளாம். முடிந்ததும் மறுபடி கேமராவுக்கு.

இந்தப் பத்தியை நான் போனில்தான் எழுதுகிறேன். அதன் முன்கேமராவிலும் ஒரு சிவப்புப் பொட்டு இருக்கிறது. சுகன்யாவிடம் நானேதான் கேட்டு வாங்கினேன்.