எண்டர் தட்டிவிட்டு எழுந்து போகிறவன்

புரோகிராமை எழுதி எண்டரைத் தட்டிய மறுகணமே ஃப்ரெடி நாற்காலியை விட்டு எழுந்துவிடுவான். கல்லூரி முதலாண்டிலிருந்து உமைமா இதைப் பார்த்து வருகிறாள். ஆய்வகத்தில் மற்றவர்கள் திரையிலிருந்து கண்ணெடுக்காமல் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். இவன் கேன்டீனில் சமோசாவைப் பிட்டுக்கொண்டிருப்பான். கேட்டால், "ஓடுனா ஓடும், ஓடாங்காட்டி அதுவே கூவும். பக்கத்துல குந்திகினு நாம இன்னா பண்றது?" என்பான்.

இப்போது இருவருக்கும் திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டு அலுவலகத்தில் ஒப்பந்த வேலை, அடுத்தடுத்த மேசை. யார்டில் கன்டெய்னர் பெட்டி தேடுவதற்கு நல்ல புரோகிராம் எழுதிக் காட்டுகிறவருக்கு மணலி தலைமை அலுவலகத்தில் நிரந்தர வேலை என்று மேலாளர் ராமசுப்பு சொல்லியிருந்தார்.

உமைமாவின் வீட்டில் அவளுக்கு முன் யாரும் பட்டம் வாங்கியதில்லை. தப்பாகிவிடுமோ என்ற பயத்தில் பெரிய டேட்டாபேஸாகத் திட்டமிட்டு, அட்டவணை மேல் அட்டவணையாகக் கோடு போட்டுக்கொண்டே இருந்தாள். ஃப்ரெடி ஒரே மதியத்தில் பைதானில் எழுதி முடித்துவிட்டான். மொத்தமும் ஒரு சின்ன ஃபைல். கன்டெய்னர் எண்தான் சாவி. அதைக் கொடுத்தால் பெட்டி நிற்கும் வரிசையும் அடுக்கும் வெளியே வரும்.

"வேளாங்கண்ணில டோக்கனக் குடுத்தா செருப்ப எடுத்துக் குடுக்குறான் இல்ல? அதாம்மா இது!"

டிரைவர்கள் அவனைக் கொண்டாடினார்கள். அவன் சிரித்தால் அவர்களும் சிரித்தார்கள். அவள் சிரித்தால், "இன்னாம்மா, கேட் பாஸ் ரெடியா?" என்றார்கள். எல்லாம் இவனுக்கு மட்டும் எப்படி இவ்வளவு லேசாக வாய்க்கிறது? தண்டையார்பேட்டை பஸ்ஸில் கம்பியைப் பிடித்தபடி தினமும் இதையே கேட்டுக்கொள்வாள். நமக்கு அறிவு போதவில்லையா, பயம் அதிகமா? அவன் சீட்டியடிப்பதைக் கேட்டால்கூட அவளுக்கு எரிந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை டிரைவர் பாஸ்கர் சட்டையெல்லாம் வியர்வையாக வந்து நின்றார்.

"எங்கம்மா உன் தோஸ்து? ஏழாவது வரிசைன்னான். அங்க வேற எவன் பொட்டியோ கீது. வெயில்ல நாயா சுத்திகினு கீறேன்!"

ஃப்ரெடி டீக்கடையில் இருந்தான். உமைமா அவன் புரோகிராமைத் திறந்து வரி வரியாகப் பார்த்தாள். கிடைத்தது. பெட்டியை இடம் மாற்றினால், புரோகிராம் பழைய விவரத்தை ஃபைலிலிருந்து எடுத்துத் திருத்துகிறது. ஆனால் அதே எண்ணின்கீழ் திரும்ப வைப்பதில்லை. திரையில் புது இடம். மறுநாள் திறந்தால் ஃபைலில் பழைய இடம்தான்.

அவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது. திங்கட்கிழமை தலைமை அலுவலகத்தார் புரோகிராமைப் பார்க்க வருகிறார்கள். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும்.

பாஸ்கர் சட்டை நுனியால் கழுத்தைத் துடைத்தார். "இன்னிக்கு ட்ரிப்பு போச்சு," என்றார், யாரிடம் என்றில்லாமல்.

உமைமா கிரேன்காரருக்கு போன் செய்து பெட்டி இருக்குமிடத்தைக் கேட்டுச் சொன்னாள். பிறகு விடுபட்ட அந்த ஒரு வரியை எழுதிச் சேர்த்தாள்.

திரும்பி வந்த ஃப்ரெடி அவள் சொன்னதைக் கேட்டு நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தான். "அட பேஜாரே! மாத்துனத திரும்ப வைக்கவே இல்லியா? மானத்தக் காப்பாத்திட்ட உமைமா. நீதான் புடிச்சன்னு சார் கைல நானே சொல்றேன். மாதா மேல சத்தியம்!"

திங்கட்கிழமை வந்தவர்கள் பெட்டிகளை இடம் மாற்றி மாற்றிச் சோதித்தார்கள். ஒன்றும் பிசகவில்லை. "யார் எழுதினது?" என்றார்கள். "நான்தான் சார்," என்றான் ஃப்ரெடி. அது பொய்யும் இல்லை.

மணலி வேலைக்குக் கிளம்பும் நாளில் ஃப்ரெடி தன் சக்கரம் வைத்த மேசை நாற்காலியை அவள் மேசைக்குத் தள்ளிக்கொண்டு வந்தான். "இத நீ வெச்சுக்கமா. உன்னுது ஆடுது."

"சார் கிட்ட சொல்றேன்னியே?"

ராமசுப்பு வாசலில்தான் நின்றிருந்தார். ஃப்ரெடி அவரைப் பார்த்தான். பிறகு குனிந்து, நாற்காலிச் சக்கரத்தில் சுற்றிக்கொண்டிருந்த நூலை மெல்ல மெல்லப் பிடுங்கத் தொடங்கினான்.