அரோகரா என்றால் துடுப்புப் போடு

கொழும்பில் வேலை செய்யும் என் மகள் ஒருநாள் போனில் ஒரு படம் அனுப்பினாள். கித்துல்கல ஆற்றில், மஞ்சள் நிற ரப்பர் படகு ஒன்றில், அலுவலகத் தோழிகளோடு தலைக்கவசம் போட்டுக்கொண்டு வாயைப் பிளந்து கத்திக்கொண்டிருந்தாள். படகின் முன்பாதி தண்ணீருக்குள் போயிருந்தது. திட்டுவதற்காகத்தான் உடனே அவளை அழைத்தேன். வாயிலிருந்து வந்தது வேறு.

"அது எப்பிடிடி இருக்கும்?"

"சூப்பரா இருக்கும்மா. ஆனா உங்களுக்கு அதெல்லாம் சரிவராது. பயந்துருவீங்க."

அவள் சொன்னதில் பிழையில்லை. வட்டவளைக்கு மேலே உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்தில் என்னைப் பயந்தாங்கொள்ளி என்று தெரியாதவர்கள் இல்லை. பொகவந்தலாவையில் இருக்கும் அக்காவைப் பார்க்கப் போகும்போதெல்லாம், அந்த வளைவுகளில் பஸ் திரும்புகையில் கண்ணை மூடிக்கொண்டு முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொள்வேன். மழைக்காலத்தில் ஆற்றுப்பாலத்தைக் கடக்க யாராவது ஒருவரின் கை வேண்டும். இத்தனைக்கும் நான் தோட்டத்து முன்பள்ளி டீச்சர். "தவளை மாதிரிக் குதிங்க பாப்பம்!" என்று தினமும் பிள்ளைகளிடம் சொல்கிறவள். நான் குதித்து எத்தனை காலமாயிற்று என்று யோசித்தேன். ஞாபகத்துக்கு வரவில்லை.

அந்தச் "சரிவராது" மட்டும் செருப்புக்குள் புகுந்த கல் மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது.

ஓரிடத்துக்குப் போக வேண்டும் என்று என் ஓரகத்தியிடம் சொன்னேன். என் கணவரின் தம்பி மனைவி அவள். ஹட்டனில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறாள், என்னைவிட இளையவள், எதற்கும் முதலில் சரி என்று சொல்லிவிட்டு அப்புறம்தான் என்ன விஷயம் என்று கேட்பாள்.

"போவோம்க்கா" என்றாள். "எங்க?"

சொன்னேன். கண்கள் விரிந்தன. அப்புறம் ஒரு சிக்கலைக் கண்டுபிடித்தாள். "வீட்ல என்னான்னு சொல்றது? ரெண்டு பொம்பளைங்க ஆத்துல படகு விடப் போறோம்னு சொன்னா லயமே சிரிக்கும்."

ஒட்டி ஒட்டி நிற்கும் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் சிரிப்பதோடு விட மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். ஆளுக்கொரு புத்தி சொல்வார்கள். ஆற்றில் போனவர்களின் கதையெல்லாம் தேடி எடுத்துச் சொல்வார்கள். கதை கேட்டே நான் வீட்டில் இருந்துவிடுவேன்.

அப்போதுதான் எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் பக்கத்து வீட்டு மதினியின் ஞாபகம் வந்தது. மதினி தேயிலைக் கொழுந்து எடுக்கிறவர். செவ்வாய், வெள்ளி விரதம். தோட்டத்துக் கோயிலில் தீ மிதிப்பென்றால் முதல் ஆளாக நிற்பார். மதினி ஓர் இடத்துக்குப் போகிறார் என்றால் அது கோயிலாகத்தான் இருக்கும் என்று மொத்த லயமும் நம்பும். மதினியைக் கூட்டிக்கொண்டு போனால் எங்களை ஒருவரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.

"மதினி, கித்துல்கலப் பக்கம் ஆத்தங்கரையில ஒரு அம்மனாம். ரொம்ப சக்தியாம்" என்றேன்.

"அப்பிடியா? நான் கேள்விப்பட்டதே இல்லையே."

"இப்பத்தான் பேர் வந்திருக்கு" என்றாள் ஓரகத்தி. "தண்ணிக்குள்ள எறங்கித்தான் கும்பிடணுமாம். மாத்துத்துணி கொண்டாங்க."

அவள் பொய் சொல்லும் அழகைப் பார்த்து எனக்கே அந்த அம்மன்மேல் பக்தி வந்துவிட்டது. என் கணவர் தேயிலைப் பெக்டரியில் வேலை. அவரிடம் சொன்னபோது, "எனக்கும் சேத்து ஒரு கும்புடு போட்டுட்டு வா" என்று மட்டும் சொன்னார்.

பள்ளி விடுமுறையில் ஒரு வெள்ளிக்கிழமை காலை கொழும்பு பஸ்ஸில் ஏறினோம். மதினி மஞ்சள் சேலை, தலை நிறைய மல்லிகை, மடியில் அர்ச்சனைத் தட்டு. விரதம் என்பதால் ஒரு வாய் தேத்தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நானும் ஓரகத்தியும் சுடிதாரில் இருந்தோம். கினிகத்தேனையைத் தாண்டி பஸ் இறங்க இறங்கக் காற்று சூடாகிக்கொண்டு வந்தது. ஸ்வெட்டரைக் கழற்றினோம். மதினி தேவாரம் மாதிரி ஏதோ முணுமுணுத்துக்கொண்டு வந்தார். ஓரகத்தி என் தொடையைக் கிள்ளிச் சிரிப்பை அடக்கினாள். நான் சிரிக்கவில்லை. முன் சீட்டுக் கம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

படகு விடுகிற இடத்தில் இறங்கினோம். வரிசையாகத் தொங்கிய சிவப்பு லைஃப் ஜாக்கெட்டுகளையும், கவிழ்த்து வைத்திருந்த ரப்பர் படகுகளையும் மதினி ஒரு சுற்றுப் பார்த்தார்.

"கோயில் எங்கடி?"

"ஆத்துக்குள்ள போகணும் மதினி. படகுலதான் போறது."

இது முழுப் பொய்யும் இல்லை. மதினி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஆற்றங்கரைக்கு இறங்கி, ஒரு பாறைமேல் கற்பூரம் ஏற்றி, தேங்காயை ஒரே போடாகப் போட்டு உடைத்தார். படகு ஓட்டுகிற சிங்கள இளைஞன் ஒருவன் இதைக் கண்டதும் தன் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு வந்து பவ்வியமாக நின்றான். மதினி அவன் நெற்றியில் திருநீறு பூசினார். அன்று எங்களுக்கு வாய்த்த படகோட்டி அவன்தான்.

அடுத்த பிரச்சினை தலைக்கவசம். மதினியின் கொண்டையும் மல்லிகையும் அதற்குள் அடங்கவில்லை. அவன் அழுத்தினான், அது மேலே எழும்பியது. கடைசியில் மதினி கொண்டையை அவிழ்த்து, பூவைக் கழற்றி ஆற்றில் விட்டார். "அம்மாளுக்குப் போகட்டும்" என்றார். சேலையைத் தார்ப்பாய்ச்சிக் கட்டி, மேலே சிவப்பு ஜாக்கெட்டை மாட்டி நின்றபோது, சண்டைக்குக் கிளம்பிய குலதெய்வம் மாதிரி இருந்தார்.

படகோட்டி எங்களைக் கரையிலேயே உட்காரவைத்துப் பாடம் நடத்தினான். 'ஃபோர்வர்ட்' என்றால் துடுப்புப் போட வேண்டும். 'ஸ்டொப்' என்றால் நிறுத்த வேண்டும். 'டவுன்' என்றால் படகுக்குள் குந்திவிட வேண்டும். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அக்கே, பய வென்ன எபா" என்றான். பயப்படாதீங்க அக்கா என்று. எனக்கு அது விளங்கியது. ஆனாலும் ஜாக்கெட்டின் பட்டிகளை இன்னொரு முறை இழுத்துக் கட்டிக்கொண்டேன்.

படகு நகர்ந்தது. முதல் வளைவு வரை ஆறு பூனை மாதிரிப் படுத்திருந்தது. இவ்வளவுதானா என்று நினைத்தேன். அடுத்த நிமிடம் முன்னால் வெள்ளை வெள்ளையாக ஏதோ குதித்தது, காது அடைக்கும் இரைச்சல், படகோட்டி பின்னாலிருந்து "ஃபோர்வர்ட்!" என்று கத்தியது யாருக்கும் கேட்கவில்லை. நான் துடுப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கண்ணை மூடினேன்.

அப்போது மதினி அடிவயிற்றிலிருந்து ஒரு குரல் எடுத்தார்.

"அரோகரா!"

மலைக்கு மலை கேட்கிற குரல் அது. கொழுந்து மலையில் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குக் கூப்பிட்டுப் பழகிய தொண்டை. பழக்கதோஷத்தில் நாங்கள் இருவரும் "அரோகரா!" என்று திருப்பிச் சொன்னோம். சொல்லும்போதே கை தன்னால் துடுப்பைப் போட்டது. படகு ஒரு பாறையை உரசிக்கொண்டு எகிறி, ஒரு பள்ளத்தில் விழுந்து, எங்கள்மேல் ஒரு குளத்தையே கொட்டிவிட்டு வெளியே வந்தது. கண்ணைத் திறந்தேன். உயிரோடு இருந்தேன். மூக்கிலிருந்து தண்ணீர் ஒழுகியது. யாரோ பலமாகச் சிரிக்கிற சத்தம் கேட்டது. நான்தான்.

படகோட்டி சூட்டிகையானவன். இந்தப் பெண்களுக்கு எது காதில் ஏறுகிறது என்பதைப் பிடித்துவிட்டான். அடுத்த சுழிப்பு வந்ததும் ஆங்கிலத்தைக் கைவிட்டு, "அரோகரா! அரோகரா!" என்று கத்தினான். நாங்கள் மூவரும் வெறிபிடித்த மாதிரித் துடுப்புப் போட்டோம். பக்கத்தில் வந்த படகில் கொழும்புப் பையன்கள் இருந்தார்கள். என்னவென்று புரியாமலே அவர்களும் கத்தினார்கள். அதன்பின் ஆறு முழுக்க அரோகராதான்.

கடைசியில் இரைச்சல் அடங்கி, ஆழமான, அமைதியான ஓரிடத்துக்கு வந்தோம். விரும்பியவர்கள் இங்கே குதிக்கலாம், ஜாக்கெட் தூக்கிக்கொள்ளும் என்று படகோட்டி சைகையில் சொன்னான். கொழும்புப் பையன்கள் தொபுதொபுவென்று குதித்தார்கள். ஓரகத்தியும் மூக்கைப் பிடித்துக்கொண்டு குதித்துவிட்டாள். நான் படகின் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"ஏண்டி" என்றார் மதினி, மிக மெதுவாக. "இங்க கோயிலே இல்லதானே?"

நான் தண்ணீரைப் பார்த்தேன். "இல்ல மதினி."

"எனக்கு அந்த ஜாக்கெட்டப் பாத்தப்பவே தெரியும். விரதக்காரிய ஏமாத்திக் கூட்டியாந்திருக்கீங்க." ஈரக் கூந்தலை ஒருமுறை பிழிந்தார். "சரி, வந்தது வந்தாச்சு. தண்ணிக்குள்ள எறங்கித்தானே கும்பிடணும்னு சொன்னீங்க? போய்க் கும்பிட்டுட்டு வா."

முதுகில் ஒரு கை விழுந்தது. கூடை கூடையாகக் கொழுந்து சுமக்கிற கை. நான் ஆற்றுக்குள் இருந்தேன்.

உள்ளே பச்சையாக இருந்தது. சத்தமே இல்லை. இதோடு முடிந்தது என்று நினைப்பதற்குள் ஜாக்கெட் என்னைக் கக்கத்தில் பிடித்துத் தூக்கி மேலே போட்டது. மல்லாந்து கிடந்தேன். இரண்டு பக்க மரங்களுக்கும் நடுவே ஒரு துண்டு வானம் என்னோடு சேர்ந்து நகர்ந்துகொண்டிருந்தது. கையை விட்டேன், காலை விட்டேன். எதையும் பிடித்துக்கொள்ளாமல் இருப்பது எப்படி இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. ஆறு என்னைத் தாங்கிக்கொண்டது.

படகு பக்கத்தில் வந்தது. மதினி குனிந்து, கொஞ்சம் கலவரத்தோடு கையை நீட்டினார். "என்னடி, நல்லாருக்கியா? பேசேன்!"

நான் பாவமாக முகத்தை வைத்துக்கொண்டு அந்தக் கையைப் பிடித்தேன். பிடித்து இழுத்தேன்.

அவர் விழுந்த சத்தத்தை இன்று நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வரும். மேலே வந்ததும் என் பரம்பரையையே இழுத்துத் திட்டினார். திட்டிக்கொண்டே மிதந்தார். மிதக்க மிதக்கத் திட்டு குறைந்து, கொஞ்ச நேரத்தில் நின்றுபோனது. படகோட்டி ஏறச் சொன்னபோது, "இருப்பா, கொஞ்சம் பொறுத்து வாறன்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, கண்ணை மூடிக் கிடந்தார்.

சாயங்காலம் லயத்துக்குத் திரும்பினோம். பிரசாதம் எங்கே என்று கேட்டவர்களுக்கு மதினியே தேங்காய்ச் சில்லைப் பங்கிட்டுக் கொடுத்தார். "அந்த ஆத்தாவத் தலையில தொப்பி மாட்டித்தான் கும்பிடணும், அப்பிடி ஒரு கட்டுப்பாடு" என்று முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் சொன்னார். பொய்யில் எங்களையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டுவிட்டார்.

ஆனால் கொழும்புப் பையன்களில் யாரோ எடுத்த வீடியோ அடுத்த வாரமே போன் போனாகச் சுற்றி எங்கள் தோட்டத்துக்கும் வந்து சேர்ந்தது. காலையில் பெரட்டுக்களத்தில் வேலைக்குப் பேர் கொடுக்க நின்ற பெண்கள் மதினியைக் கண்டதும் ஒரே குரலில் "அரோகரா!" என்றார்கள். மதினி கூடையை மாட்டிக்கொண்டு, "யார் யார் வாறீங்கன்னு இப்பவே சொல்லுங்கடி" என்றாராம்.

என் கணவர் அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். கோபப்படுவார் என்று காத்திருந்தேன். "இந்தக் கத்துறது நீயா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "இவ்வளவு சத்தம் உனக்கு வருமா?" என்றார். அப்புறம் ஒருநாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். கடைசியில்தான் விஷயம் வந்தது. அவரையும் கூப்பிட்டிருக்க வேண்டுமாம்.

அதன்பின் எங்கள் லயத்துப் பெண்கள் பலர் ஆற்றுக்குப் போய்வந்தார்கள். நான் இன்னும் கொஞ்சம் தூரம் போனேன். ஓரகத்தியோடு போய் ஆற்றுக்குளத்தில் நீந்தப் பழகினேன். இப்போதும் நாய் மாதிரித்தான் நீந்துகிறேன், ஆனால் மூழ்குவதில்லை. பிறந்ததிலிருந்து வாசலில் நின்று பார்த்த எதிர்மலை உச்சிக்கு, அட்டை ஏறாமலிருக்கக் காலெல்லாம் சவர்க்காரம் பூசிக்கொண்டு, அப்படியும் அட்டைகளுக்கு விருந்து வைத்துக்கொண்டு ஏறினேன். உச்சியிலிருந்து பார்த்தபோது எங்கள் லயம் தீப்பெட்டி மாதிரி இருந்தது. அதற்குள் உட்கார்ந்துகொண்டா இவ்வளவு பயந்தேன் என்றிருந்தது.

போன மாதம் முதல்முறையாகத் தனியாகக் கிளம்பினேன். வட்டவளையில் ரயிலேறி, பதுளை வரைக்கும் டிக்கெட் எடுத்தேன். தலவாக்கலை தாண்டியதும் சீட்டிலிருந்து எழுந்து, வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் திறந்த கதவோரம் போய் நின்றேன். பனி முகத்தில் அடித்தது. டிக்கெட் பரிசோதகர் வந்தார்.

"எங்க போறீங்க டீச்சர்?" என்று கேட்டார். எப்படித்தான் டீச்சர் என்று தெரிந்ததோ.

"தெரியல. எறங்கினதும் சொல்றேன்" என்றேன்.

அவர் டிக்கெட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார். பெயர்ப்பலகைக்குக் கீழே நீல நிறப் பூ நிறையப் பூத்திருந்த ஒரு சின்ன ஸ்டேஷனில், பிடித்திருந்தது என்பதற்காக இறங்கிவிட்டேன். பிளாட்பாரத்தில் உட்கார்ந்து சுடச்சுட வடை தின்றேன். தண்டவாளத்தோரம் கொஞ்ச தூரம் நடந்தேன். திரும்பிப் போகிற ரயில் வந்ததும் ஏறி வீட்டுக்கு வந்தேன்.

"யாரப் பாக்கப் போன?" என்றார் கணவர்.

"யாரையும் இல்ல. சும்மா ரயில் கதவோரத்துல நின்னு பாத்துட்டு வந்தேன்."

அவர் தேத்தண்ணீரை ஊதி ஊதிக் குடித்தார். "அடுத்த தடவ போறப்ப அந்தக் கதவோரத்துல நிக்காத. தவறி விழுந்துருவ" என்றார்.

"கதவோரத்துலதான் காத்து நல்லா வருது" என்றேன்.