மஞ்சள் தொட்டிக்காரரின் மூக்கு

வீட்டில் அவளுக்குச் சின்னவள் என்று பெயர். கம்பெனியில் நில் மேடம்.

கார் கம்பெனிகளுக்குச் சின்னச் சின்ன இரும்புப் பாகங்கள் செய்து கொடுக்கும் தொழிற்சாலை அது. மாடிப்படிக்குக் கீழே, சரிந்து இறங்கும் கூரைக்கு அடியில் அவளுக்கு ஒரு மேசையும் கணினியும் போட்டிருந்தார்கள். ஞாபகமில்லாமல் சட்டென்று எழுந்தால் தலை இடிக்கும். அங்கே உட்கார்ந்து ஒவ்வொரு பாகத்துக்கும் படிவம் நிரப்ப வேண்டும். இந்தக் கொக்கியில் என்னென்ன பொருள் எத்தனை கிராம் இருக்கிறது, ஈயம் உண்டா, பாதரசம் உண்டா, காட்மியம் உண்டா, ஆறாம் நிலைக் குரோமியம் உண்டா என்று கேட்கும் படிவம். ஒரு கார் ஓடி ஓய்ந்து உடைக்கப் போகிற காலத்தில், உடைக்கிறவர்களுக்கும் மண்ணுக்கும் தண்ணீருக்கும் கெடுதல் வரக் கூடாது என்று வந்த சட்டம். இந்த நாலில் ஒன்று இருந்தாலும் லோடு அப்படியே திரும்பி வந்துவிடும். அவள் நாலு கட்டத்திலும் இல்லை என்பதற்கு இங்கிலீஷில் 'நில்' என்று அடிப்பாள், கீழே கையெழுத்துப் போடுவாள். ஆறு வருஷமாக இதுதான். அவள் தண்ணீர் பிடிக்க மிஷின்கள் பக்கம் போனால், இரும்பை அழுத்தி வளைக்கும் பிரஸ் ஓட்டுகிறவர்கள், "நில் மேடம் வர்றாங்க, எல்லாரும் நில்லுங்கப்பா!" என்று மிஷினை நிறுத்துகிற மாதிரி பாவனை செய்வார்கள். அவளும் சிரித்துவிடுவாள்.

அந்த வேலையை அவளுக்கு வாங்கிக் கொடுத்தவர் அக்கா புருஷன். கட்டியவன் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டபோது, கையில் ஒரு பையோடு அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றவளை, "வாம்மா, உள்ள வா, சாப்பிட்டியா?" என்று கேட்டதைத் தவிர இன்றுவரை வேறொன்றும் கேட்காத மனிதர். மாமா அங்கே பூச்சுப் பிரிவில் பதினேழு வருஷம். பாகங்களைக் கூடையில் அள்ளிப் போட்டு, அமிலத்தில் கழுவி, துத்தநாக முலாம் ஏற்றி, கடைசியாக மஞ்சள் தொட்டியில் பத்து நொடி முக்கி எடுப்பார். தூக்கும்போது இரும்பு, மழைத் தண்ணீரில் எண்ணெய் மிதக்கிற மாதிரி மஞ்சளும் பச்சையுமாக மின்னும். துருவே ஏறாது. தொட்டியில் வீரியம் குறைந்தால் டப்பாவிலிருந்து சிவப்புத் தூளை அள்ளிப் போடுவதும் அவர்தான். அடியிலிருந்து காற்றைக் கொப்பளிக்க விட்டுக் கலக்குவார்கள். அப்போது தொட்டிக்கு மேலே மெல்லிய மூட்டம் எழும்பும்.

அவர் விரல் கணுக்களில் பொட்டுப் பொட்டாகப் பள்ளம் விழுந்திருந்தது. வலிக்காது என்பார். மூக்கில் அடிக்கடி ரத்தம் வரும். உஷ்ணம் என்பார். ரெண்டு வருஷமாக மூச்சு விடும்போது மெல்லிசாக ஒரு விசில் சத்தம். பேரப்பிள்ளைகள் "விசில் தாத்தா" என்று மடியில் ஏறி உட்கார்ந்து மூக்கோடு காதை வைத்துக் கேட்கும். அவரும் வேண்டுமென்றே இழுத்து இழுத்து மூச்சு விட்டு வேடிக்கை காட்டுவார்.

ஒருமுறை அக்கா அடுப்பில் பாலை வைத்துவிட்டு மாடிக்குத் துணி எடுக்கப் போனாள். பால் பொங்கி, வற்றி, பாத்திரம் கரிந்து வீடே புகை நாற்றம். மாமா அடுப்படிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்.

"மூக்கை எங்க அடகு வெச்சீங்க?" என்று அக்கா கத்தினாள்.

"என்ன ஆச்சு?" என்று அவர் நிஜமாகவே கேட்டார்.

சின்னவளுக்கு அவர் மூக்கு ரத்தமும் விரல் பள்ளங்களும் அந்தச் சிவப்புத் தூளும் ஒன்றாக ஞாபகம் வந்தன. மறுநாள் முதலாளியிடம் போய், "சார், நம்ம மஞ்சள் தொட்டியில போடுற தூள்ல அந்தக் குரோமியம் இல்லைன்னு நிச்சயமாத் தெரியுமா?" என்று கேட்டாள்.

முதலாளி கெட்டவர் இல்லை, அவசரக்காரர். "ஏம்மா, தொட்டிக்கு ரசாயனம் விக்கிற கடைக்காரன் எழுதிக் குடுத்த லெட்டர் உங்கிட்டதானே இருக்கு? அதுல இல்லைன்னுதானே போட்டிருக்கு? அதைப் பார்த்து அடி. புதுசா எதையும் கிளப்பாத."

லெட்டர் இருந்தது. அவள் அதைப் பார்த்து அடித்தாள்.

எட்டு மாதம் கழித்து கார் கம்பெனியிலிருந்து சோதனை செய்ய ஒரு பெண் வந்தாள். பையிலிருந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்து, முடித்து வைத்திருந்த கொக்கி ஒன்றின்மேல் ஒரு சொட்டு விட்டாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சொட்டு நாவல்பழச் சாறு மாதிரி ஊதாவாக மாறியது. அந்தக் குரோமியம் இருந்தால்தான் அப்படி மாறும். அந்தப் பெண் சின்னவளின் படிவத்தைப் பார்த்தாள், சின்னவளைப் பார்த்தாள், ஒரு போட்டோ எடுத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. ஒரே வாரத்தில் மஞ்சள் தொட்டியைக் காலி செய்து, வெட்டி, லாரியில் ஏற்றிவிட்டார்கள். புது ரசாயனம், புதுத் தொட்டி, தானாகவே தூக்கி இறக்கும் மிஷின் வந்தன. மிஷினுக்கு ஒரு ஆள் போதும். மாமாவையும் இன்னும் ரெண்டு பேரையும் கணக்கு முடித்து அனுப்பினார்கள். "பெரியவரே, உங்களுக்கும் வயசாச்சு, ரெஸ்ட் எடுங்க" என்றார் முதலாளி. மாமா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்தார். சின்னவள் படிக்கட்டுக்கு அடியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

வீட்டிலேயே உட்காரவும்தான் அக்கா அவரைப் பிடித்து இழுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாள். சின்னவளும் கூடப் போனாள். டாக்டர் ஒரு மூக்குத் துவாரத்தில் சின்ன விளக்கைக் காட்டினார். வெளிச்சம் அடுத்த துவாரத்தில் தெரிந்தது.

"நடுச் சுவர்ல ஓட்டை. என்ன வேலை பார்க்கிறீங்க?"

மாமா சொன்னார். டாக்டர் விளக்கை அணைத்தார். "இது உங்க வேலையால வந்தது. தொழில் நோய்னு பதிவு பண்ணுங்க. பண்ணிட்டா அரசாங்கத்துல வருஷா வருஷம் நுரையீரலைச் சோதிச்சுப் பார்ப்பாங்க, வைத்தியம் அவங்க பொறுப்பு. இந்த ஓட்டை இனி மூடாது. மோப்பமும் திரும்புறது கஷ்டம். ஆனா நுரையீரலை விட்டுடக் கூடாது."

தொழிலாளர் நல அலுவலகம் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடி. மாமாவும் சின்னவளும் ரெண்டு இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினார்கள். அதிகாரி பொறுமையானவர். எல்லாவற்றையும் கேட்டார், எழுதிக்கொண்டார். கம்பெனியிடம் காகிதம் கேட்டு அனுப்புவதாகச் சொன்னார்.

அடுத்த மாதம் போனபோது மேசைமேல் ஒரு தடித்த கட்டு இருந்தது. அதிகாரி அதை அவர்கள் பக்கம் திருப்பி வைத்தார். ஆறு வருஷப் படிவங்கள். குரோமியம்: நில். குரோமியம்: நில். ஒவ்வொரு தாளிலும் சின்னவளின் கையெழுத்து, அவளுக்கே பெருமையான அந்தச் சுழித்த கையெழுத்து.

"அந்த நச்சு அங்க இருந்ததுக்கே ஆதாரம் இல்லைன்னு கம்பெனி சொல்லுது. கையெழுத்துப் போட்டது யாருன்னு தெரியுமா?"

"நான்தான் சார்."

அவர் தலையை நிமிர்த்தினார். மாமாவும் அவளைத் திரும்பிப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் கொஞ்சமும் இல்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"சார், அது பொய். எனக்குத் தெரியாம எழுதின பொய். தொட்டியில அதுதான் இருந்தது. கார் கம்பெனிக்காரங்க சொட்டு விட்டுப் பார்த்தாங்க, ஊதாவா மாறிச்சு."

"அதை எழுதிக் குடுங்கம்மா. ஆனா ஒண்ணு. நீங்க அவருக்கு மச்சினி. அப்ப ஒண்ணு எழுதினீங்க, இப்ப வேற எழுதறீங்க. மேல இருக்கிறவங்க எதை நம்புவாங்கன்னு யோசிச்சுப் பாருங்க."

அவள் எழுதிக் கொடுத்தாள். கார் கம்பெனிக்குக் கடிதம் போட்டாள். சோதனை அறிக்கை உள் விவகாரம், வெளியே தர இயலாது என்று ரெண்டு வரியில் பதில் வந்தது. லெட்டர் கொடுத்த ரசாயனக் கடைக்குப் போனாள். ஷட்டர் போட்டிருந்தது. பக்கத்துக் கடைக்காரர், "அவங்க காலி பண்ணி அஞ்சு மாசம் ஆச்சே" என்றார். தொட்டியின் ஒரு துண்டுகூட மிச்சமில்லை.

பழைய கொக்கி ஒன்று கிடைத்தால்? அப்படித்தான் ஒரு காலை அவளும் மாமாவும் ஊருக்கு வெளியே வண்டி உடைக்கும் யார்டுக்குப் போனார்கள். கதவில்லாத, கண்ணாடியில்லாத கார்கள் ஒன்றின்மேல் ஒன்றாக நின்றன. யார்டுக்காரர் வாயில் பல்குச்சியோடு கேட்டார், "மூணு வருஷத்து வண்டியா? மோதி நசுங்கினது ஒண்ணு கிடக்கு, பாருங்க."

மாமா அதன் முன்பக்கம் குனிந்தார், கையை உள்ளே விட்டுத் தடவினார். "இது நம்ம கொக்கி" என்றார். கழற்றி எடுத்துத் துடைத்தார். சேற்றுக்கு அடியில் மஞ்சள் அப்படியே மின்னியது. "எப்படி இருக்கு பாரு, ஒரு பொட்டுத் துரு இல்லை!" என்று அவளிடம் காட்டினார். அவர் குரலில் அந்த நேரத்திலும் ஒரு சந்தோஷம் இருந்தது. சின்னவள் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

பரிசோதனைக் கூடம், ஆறாம் நிலைக் குரோமியம் உண்டு என்று சீல் வைத்து எழுதிக் கொடுத்தது. அதை எடுத்துக்கொண்டு மூன்று மாடியும் ஒரே மூச்சில் ஏறினாள்.

அதிகாரி கொக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதை உங்க கம்பெனிதான் செஞ்சதுன்னு இதுல எங்க இருக்கு?"

"கார் கம்பெனியோட நம்பர்தான் சார் அடிப்போம். எங்க பேர் இருக்காது."

"இதே நம்பர்ல எத்தனை பேர் செய்றாங்க?"

"நாலு பேர்."

அவர் கொக்கியை மெதுவாக மேசையில் வைத்தார். "நான் நம்பறேன்மா. எனக்கே கஷ்டமா இருக்கு. சேர்த்து அனுப்பறேன்."

நாலு மாதம் கழித்துத் தபால் வந்தது. போதிய சான்று இல்லாததால் விண்ணப்பம் ஏற்கப்படவில்லை. மேல்முறையீடு செய்யலாம், ஆனால் பணியிடத்தில் அந்தப் பொருள் பயன்பட்டதற்கு நிறுவனத்தின் ஆவணம் இணைக்கப்பட வேண்டும். அக்கா ரெண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகு, "விடுடி. நீ என்ன பண்ணுவ, பாவம்" என்றாள்.

அந்தப் 'பாவம்' அவளைக் குத்தியது. "திட்டேன்க்கா" என்றாள். "நாலு அறை விடு."

"உன்னைத் திட்டினா அவர் மூக்கு சரியாயிடுமா? நீ வேலையை விட்டுடாத. இப்ப அடுப்பு எரியறதே உன்னாலதான்."

அவள் விடவில்லை, விட முடியாது. முதலாளி அவளை ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. ஒருநாள் மட்டும் படியிறங்கி வந்து நின்று, "உன் மாமாவுக்கு எப்படி இருக்கு?" என்றார். "இருக்கார் சார்." "பார்த்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாமாவுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. ஒருநாள் சட்டையை மாட்டிக்கொண்டு போனவர், யார்டுக்காரரிடம் வேலைக்குச் சேர்ந்துவிட்டதாக வந்து சொன்னார். கொக்கி தேடிப் போன அன்று அவர் போல்ட் கழற்றிய பக்குவத்தை அந்த ஆள் கவனித்திருக்கிறார். உடைக்கிற வண்டிகளிலிருந்து மிச்சப் பெட்ரோலையும் எண்ணெயையும் வடிக்கிற வேலை. மற்றவர்களுக்கு அந்த நெடியில் ஒரு மணி நேரத்தில் தலை சுற்றும். இவருக்கு ஒன்றும் செய்யாது.

"செய்யாதுன்னு யார் சொன்னா மாமா? உங்களுக்குத் தெரியலை, அவ்வளவுதான். உள்ள போறது போய்க்கிட்டேதானே இருக்கு?"

"அதான் தெரியலையேம்மா" என்றார் அவர் சாதாரணமாக.

அவள் நல்ல முகமூடி ஒன்று வாங்கிக் கொடுத்தாள், ரெண்டு பக்கமும் வடிகட்டி வைத்தது. மூன்று நாள் போட்டார். பிறகு மூச்சு முட்டுகிறது, விசில் சத்தம் காதுக்குள்ளேயே கேட்கிறது என்று கழற்றிவிட்டார். யார்டுக்காரரிடம் போய்ச் சொன்னாள். அவர், "நான் வேணாம்னா சொன்னேன்? அவர் போட்டா நல்லதுதான்" என்றார்.

போன வாரம் கம்பெனிக்குப் போகிற வழியில் பஸ் யார்டு வாசலில் நின்றபோது அவரைப் பார்த்தாள். கட்டைகள்மேல் தூக்கி வைத்த ஒரு காரின் பக்கத்தில் குந்தி, டேங்க் அடியில் குழாய் சொருகி, பெட்ரோல் வாளியில் விழுவதைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். முகமூடி கழுத்தில் தொங்கியது. அவள் ஜன்னலைத் தட்டினாள், "மாமா!" என்று கூப்பிட்டாள். அவருக்குக் கேட்கவில்லை. பஸ் கிளம்பிவிட்டது.