கோட்டில் விழுந்த பந்து

வாலிபாலைப் பற்றி மாஸ்டரம்மாவுக்குத் தெரிந்ததெல்லாம் அதன் அழுக்கு மட்டும்தான். முழங்கால் மண் எவ்வளவு நேரம் ஊறினால் விடும், முதுகில் ஒட்டிய எண் உரியாமல் பனியனை எப்படிக் கசக்க வேண்டும் என்று கேளுங்கள், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள். ஆட்டத்தைப் பற்றிக் கேட்டால், "பந்து நம்ம பக்கம் விழக்கூடாது, அவ்வளவுதானே?" என்று சிரித்துவிட்டுப் போய்விடுவாள்.

அவளுக்கு வேலை ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில். ஆவி பறக்கிற அறை, அருகில் நிற்பவள் பேசுவதுகூடக் காதில் விழாத இயந்திரச் சத்தம். படுக்கை விரிப்புகளை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து, உதறி, மூலையோடு மூலை சேர்த்து மடித்து மடித்து அவள் கை விரல்கள் எப்போதும் ஊறிப்போனது போலவே இருக்கும். புருஷன் தண்ணீர்த் தொட்டிப் பம்ப் அறையில் மோட்டார் ஓட்டுகிறவர். தொட்டிக்குப் பின்னால் கிடந்த வெற்றிடத்தில் இரண்டு கம்பத்தை நட்டு, வலையைக் கட்டி, அக்கம்பக்கத்துப் பெண்பிள்ளைகளைக் கூட்டி வைத்து விளையாட வைத்தார். பிள்ளைகளுக்கு அவர் மாஸ்டர். அதனால் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காத இவள் மாஸ்டரம்மா ஆனாள். பெயர் இலவசமாகக் கிடைத்தது, கூடவே ஒன்பது பனியன் துவைக்கிற வேலையும் கிடைத்தது.

போன வருஷம் ஒருநாள் மோட்டாரை நிறுத்திவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை.

அவர் போன பிறகு அணிக்குப் பொறுப்பாளர் இல்லை. பொறுப்பாளராக ஒரு பெரியவர் பதிவு செய்துகொள்ளாவிட்டால் கிளப் அணியைப் போட்டியில் சேர்க்கவே மாட்டார்கள். தெருவில் ஒவ்வொருவராகக் கேட்டுப் பார்த்தார்கள். ஒருத்தருக்கு முதுகு வலி, ஒருத்தருக்கு நேரமே இல்லை, இன்னொருத்தர் இவர்களைக் கண்டாலே செல்போனைக் காதில் வைத்துக்கொண்டார். சாவு வீட்டில், "மாஸ்டர் ஆரம்பிச்சதை விட்டுடக் கூடாது" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு பேசியவர்கள்தான் எல்லாரும்! கடைசியில் அது இவள் தலையில் வந்து விடிந்தது.

"எனக்கு என்னடி தெரியும்?" என்றாள் மகளிடம். மகள்தான் அணியின் கேப்டன்.

"நீ பெஞ்சில உக்காந்தா போதும்மா. எனக்கு இதுதான் கடைசி வருஷம். அடுத்த தடவை வயசு தாண்டிடும். ஒரே ஒரு தடவை மண்டலப் போட்டிக்குப் போயிட்டு வந்துடறேன். அப்பாவுக்காக."

அதற்கு மேல் என்ன பேசுவது? அத்தனை வருஷம் பாடுபட்ட மனிதர் ஒரு அணியைக்கூட மண்டலம் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை. ஒவ்வொரு வருஷமும் தகுதிச் சுற்றிலேயே தோற்று வருவார். வந்த அன்று சாப்பாட்டைப் பிசைந்து பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிடுவார். மகளுக்கு அது மனதில் முள்ளாகத் தைத்திருந்தது. சரி என்று பெஞ்சில் உட்கார ஒத்துக்கொண்டாள்.

மண்டலத்துக்குப் போகிற வழி இதுதான். மூன்று மூன்று அணியாகப் பிரித்து ஒரு பிரிவு ஆக்குவார்கள். பிரிவில் ஒவ்வொரு அணியும் மற்ற இரண்டோடும் ஆட வேண்டும், முதலாவதாக வருகிற ஒரே ஒரு அணிதான் மேலே போகும். மூன்று பேரும் ஆளுக்கு ஒரு ஆட்டம் ஜெயித்து வைத்தால் செட் கணக்கைப் பார்ப்பார்கள். அதுவும் சமமாக இருந்தால், எடுத்த பாயிண்டை விட்ட பாயிண்டால் வகுத்து, யாருக்குப் பெரிய எண் வருகிறதோ அவர்களுக்கு. இந்தக் கணக்கைக் கண்டுபிடித்த மகராசன் யாரோ தெரியாது, நன்றாக இருக்கட்டும். மாஸ்டரம்மாவுக்கு இதில் முதல் வரி மட்டும்தான் தெரியும்: ஜெயிக்க வேண்டும். எவ்வளவு ஜெயிக்க வேண்டும் என்று ஒன்று இருப்பதே அவளுக்குத் தெரியாது.

ஆனால் அவளுக்கு இன்னொன்று தெரியும். புருஷன் வாயால் ஆயிரம் தடவை கேட்டது. "என்கூட பஸ் ஏறின பிள்ளை எதுவும் பந்தைத் தொடாம வீட்டுக்குத் திரும்பக் கூடாது." பெஞ்சில் உட்காருகிற பிள்ளைகளையும் ஏதாவது ஒரு செட்டில் இறக்கிவிட்டுத்தான் அவர் மறுவேலை பார்ப்பார். கிளப்புக்குச் சட்டம் என்று இருந்தது அது ஒன்றுதான்.

போட்டி நாளன்று காலையில் முதல் ஆட்டம் மஞ்சள் சட்டைக்காரர்களோடு. முதல் செட்டை அல்வா சாப்பிடுவது போல எடுத்தார்கள். இரண்டாவது செட்டிலும் பாதி தாண்டுவதற்குள் நல்ல முன்னிலை. மாஸ்டரம்மா பெஞ்சைத் திரும்பிப் பார்த்தாள். ஓரத்தில் பஞ்சு உட்கார்ந்திருந்தாள். அடித்தால் பந்துக்கே வலிக்காது என்று பிள்ளைகள் வைத்த பெயர் அது. பஞ்சு அதற்காக ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. விடிவதற்கு முன்பே பந்துப் பையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றதும் அவள்தான்.

மாஸ்டரம்மா எழுந்து ஆள் மாற்றக் கை காட்டினாள். மகள் ஓடி வந்தாள்.

"அம்மா, இப்ப வேணாம். செட்டு முடியட்டும்."

"முடிஞ்சப்புறம் எங்கடி எறக்கறது? ஜெயிச்ச மாதிரிதானே. அப்பா என்ன சொல்லுவாரு?"

மகள் அம்மாவைப் பார்த்தாள், பெஞ்சைப் பார்த்தாள். பஞ்சு அதற்குள் முழங்கால் உறையை இழுத்து விட்டுக்கொண்டு எழுந்து நின்றுவிட்டாள். மகள் திரும்பிப் போனாள்.

பெஞ்சிலிருந்த மூன்று பேரும் இறங்கினார்கள். பஞ்சு போட்ட முதல் சர்வீஸ் வலையின் வயிற்றிலேயே போய் விழுந்தது. "பரவால்லடி, பரவால்லடி" என்று எல்லாரும் கத்தினார்கள். மஞ்சள் அணி மடமடவென்று ஏறி வந்தது. கடைசியில் நூலிழையில் அந்தச் செட்டும் கைக்கு வந்தது. நடுவில் பஞ்சு ஒரே ஒரு பந்தை எப்படியோ எதிர்ப்பக்கம் தள்ளிப் பாயிண்டும் எடுத்தாள். மண்டலத்தையே ஜெயித்தது போல அவளைத் தூக்கிச் சுற்றினார்கள். மாஸ்டரம்மாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அவர் பேச்சைக் காப்பாற்றிவிட்டோம் என்று மேலே பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இரண்டாவது ஆட்டம் நீலச் சட்டைக்காரர்களோடு. ஒவ்வொருத்தியும் பனைமரம் மாதிரி. இரண்டு செட்டும் போயிற்று. பிள்ளைகள் சும்மா விட்டுக் கொடுக்கவில்லை, ஆனாலும் போனது போனதுதான்.

தோற்ற பிறகு மூலையில் உட்கார்ந்து அழலாம் என்றால் அதற்கும் வழியில்லை. மூன்று அணிப் பிரிவில் எந்த அணிக்கு ஆட்டமில்லையோ அந்த அணிதான் மற்ற இரண்டுக்கும் வேலை பார்க்க வேண்டும். பந்து உள்ளே விழுந்தால் இறக்கி, வெளியே விழுந்தால் தூக்கிக் காட்டக் கோட்டோரம் கொடி பிடிக்க ஆள், எண் பலகை திருப்ப ஆள். விட்டுவிட்டுக் கிளம்பினால் அடுத்த வருஷம் கிளப்பையே சேர்க்க மாட்டார்கள். ஆக, நீலத்துக்கும் மஞ்சளுக்கும் நடக்கிற கடைசி ஆட்டத்துக்கு மகள் ஒரு மூலையில் கொடியோடு நின்றாள். எண் பலகைக்கு மாஸ்டரம்மாவே போய் உட்கார்ந்தாள். துணி மடிக்கிற கைக்கு அட்டை திருப்புவது பெரிய விஷயமா?

நீலம் சுலபமாக ஜெயித்துவிட்டு மேலே போகும் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். நடந்தது வேறு. மஞ்சள் பிள்ளைகளுக்கு என்ன வெறி ஏறியதோ, முதல் செட்டைப் பிடுங்கிக்கொண்டார்கள். "மாஸ்டரம்மா! இவங்க ஜெயிச்சா மூணு பேரும் சமம்! நமக்கு இன்னும் வாய்ப்பு இருக்கு!" என்று பஞ்சு காதருகில் வந்து குதித்தாள். "வேலை பாக்கறப்ப சத்தம் போடக் கூடாதுடி" என்று அவளை அடக்கினாலும், மாஸ்டரம்மாவும் மஞ்சளின் அட்டையைக் கொஞ்சம் வேகமாகத்தான் திருப்பினாள்.

இரண்டாவது செட்டில் மஞ்சள் இருபத்து நாலு, நீலம் இருபத்தொன்று. இன்னும் ஒன்று எடுத்தால் மஞ்சளுக்கு ஆட்டம். நீலக்காரி ஒருத்தி எம்பி ஓங்கி அடித்தாள். பந்து மஞ்சள் பக்கத்துப் பின்மூலையில், மகள் நிற்கிற இடத்தில் விழுந்து எகிறியது. வெளியே என்று மஞ்சள் பிள்ளைகள் ஆடத் தொடங்கிவிட்டார்கள். நடுவருக்கு நடுவில் ஆள் மறைத்துவிட்டது போலிருக்கிறது, கழுத்தை நீட்டி மகளைப் பார்த்தார். மகள் நின்றாள். கண் சிமிட்டுகிற நேரம்தான். பிறகு கொடி கீழே இறங்கியது. உள்ளே.

மாஸ்டரம்மா நீலத்தின் அட்டையைத் திருப்பி இருபத்திரண்டு ஆக்கினாள்.

அதனால் என்ன, அடுத்த பந்திலேயே மஞ்சள் முடித்துவிட்டது. பஞ்சுவும் மற்றவர்களும் ஒருத்தியை ஒருத்தி கட்டிக்கொண்டு கத்தினார்கள். மகள் மட்டும் கொடியைச் சுருட்டிக்கொண்டே மெதுவாக நடந்து வந்தாள். முகத்தில் ஈயாடவில்லை. களைப்பு என்று நினைத்தாள் மாஸ்டரம்மா.

மேசையில் உட்கார்ந்திருந்த போட்டி அலுவலர் கணக்குப் போட்டார். போட்டுப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி போட்டார். மூன்று அணிக்கும் ஒரு வெற்றி, ஒரு தோல்வி. செட்டும் சமம். பாயிண்ட் கணக்கில் நீலம் முதலிடம்.

"ஒரே பாயிண்டும்மா," என்றார் அவர், ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு. "காலையில முதல் ஆட்டத்துல ஒரு பாயிண்ட் கம்மியா விட்டிருந்தாக்கூட நீங்கதான் போயிருப்பீங்க."

நல்ல மனுஷன்தான். ஆனால் அந்த வார்த்தை அவளைக் கொன்றுவிட்டது. முதல் ஆட்டத்தில் ஒரு பாயிண்ட். வலையின் வயிற்றில் விழுந்த அந்த சர்வீஸ் கண்முன் வந்து நின்றது. பஞ்சு பக்கத்தில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றாள். அவளுக்கு ஒன்றும் புரிந்ததாகத் தெரியவில்லை. புரியாமலே இருக்கட்டும் என்று மாஸ்டரம்மா அவள் தோளில் கைபோட்டு அந்த இடத்திலிருந்து தள்ளிக்கொண்டு போனாள்.

பஸ்ஸில் மகள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தாள். தண்ணீர் வேண்டுமா என்றால் தலையாட்டல், தலை வலிக்கிறதா என்றால் அதே தலையாட்டல். மாஸ்டரம்மா சொல்ல வேண்டியதை மனதுக்குள் கோத்துக்கோத்து அவிழ்த்தாள். தெரியாத வேலையை ஏன் ஒத்துக்கொண்டேன்? அந்த மனுஷன் உயிரோடு இருந்தவரைக்கும் அவர் சொன்ன எதைத்தான் உடனே கேட்டேன்? செத்தவர் பேச்சைக் கேட்கப்போய் இருக்கிற பிள்ளையின் ஆசையில் மண்ணைப் போட்டேனே பாவி!

வீட்டுக்கு வந்ததும் மகள் குளிக்கக்கூட இல்லை. பனியன்களைக் குளியலறையில் கொட்டி, குந்தி உட்கார்ந்து கசக்கத் தொடங்கினாள். எப்போதும் அம்மா செய்கிற வேலை. மாஸ்டரம்மா வாசற்படியில் நின்று பார்த்தாள். பிறகு அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கண்ணு, என்னைத் திட்டிடு. வாய்க்கு வந்தபடி திட்டிடு. இப்படிப் பேசாம மட்டும் இருக்காத."

"உன்னை எதுக்கும்மா திட்டணும்?"

"காலையில நான் மட்டும் ஆளை மாத்தாம இருந்திருந்தா..."

மகள் கசக்குவதை நிறுத்தினாள். குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

"அந்தப் பந்து கோட்டுல பட்டுச்சும்மா," என்றாள். "நுனியில, லேசா. என்னைத் தவிர யாரும் பாக்கல."

மாஸ்டரம்மாவுக்கு உடனே விளங்கவில்லை.

"முதல் செட்டு முடிஞ்சதுமே நான் மனசுக்குள்ள கணக்குப் போட்டுட்டேன். ரெண்டாவதுல நீலம் இருபத்தொண்ணுலயே நின்னா நாம போவோம். அந்தப் பந்து வெளிய போனா ஆட்டமும் முடியும், நாமளும் மண்டலத்துக்குப் போவோம். எனக்கு நல்லாத் தெரியும்மா. கொடியை மேல தூக்கணும்னுதான் நெனச்சேன். சத்தியமா தூக்கணும்னுதான் நெனச்சேன். கை கீழ போயிடுச்சு."

சோப்பு நுரை அப்பிய கையோடு மாஸ்டரம்மா அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். வளர்ந்த பிள்ளை, அம்மாவைவிட ஒரு தலை உயரம், ஈரத் தரையில் மடங்கி அம்மா மடியில் விழுந்து கேவிக் கேவி அழுதது. அப்பா செத்த அன்றுகூட அவள் அப்படி அழவில்லை.

"அப்பாவா இருந்தா என்னம்மா சொல்லியிருப்பாரு? நான் பண்ணது சரின்னு சொல்லியிருப்பாரா?"

சரி என்று சொல்லிவிட வாய் வரை வந்தது. ஆனால் சாப்பாட்டைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்து போகிற அந்த முகம்தான் மாஸ்டரம்மாவின் கண்ணில் நின்றது.

"சொல்லியிருப்பாரு," என்றாள். "சொல்லிட்டு, கொல்லைப்பக்கம் போயி உன்னை மாதிரியேதான் அழுதிருப்பாரு."

மறுநாள் சாயங்காலம் வேலை முடிந்து வந்தபோது பனியன்கள் காய்ந்திருந்தன. மாஸ்டரம்மா ஒவ்வொன்றாக எடுத்து, உதறி, மூலையோடு மூலை சேர்த்து மடித்துக் கிளப் பையில் அடுக்கினாள். கடைசியாக ஏழாம் எண் கைக்கு வந்தது. மகளின் பனியன், அவர் பார்த்துப் பார்த்துக் கொடுத்த எண். மடித்தாள். பையில் வைக்க மனம் வரவில்லை, மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

மகள் உள்ளே இருந்து வந்து பார்த்தாள்.

"அது கிளப்போடதும்மா. பஞ்சுக்குச் சரியா இருக்கும். உள்ள வை."

"ஒண்ணு நம்மகிட்ட இருந்தா யாருடி கேக்கப்போறாங்க?"

"யாரும் கேக்க மாட்டாங்க," என்றாள் மகள்.

மாஸ்டரம்மா அதைப் பைக்குள் வைத்து நாடாவை இழுத்துக் கட்டினாள்.