பொட்டு வைத்த கண்ணாடி

என் மகனுக்கு இடுப்புக்குக் கீழே தொட்டால் தெரியாது. ஆனால் எரியும். கொழும்பில், காலி வீதி என்ற பெருந்தெருவில் மோட்டார் சைக்கிளோடு விழுந்து முதுகுத்தண்டில் அடிபட்ட பிறகு, இரண்டு பாதங்களையும் தணலில் வைத்திருப்பது போல இருக்கிறது என்றான். அந்த வீதியைக் கடக்க எனக்கு இன்னும் கால் வருவதில்லை. விளக்கு மாறும்வரை நிற்பேன். எல்லோரும் கடந்த பிறகு வீட்டுக்குத் திரும்பிவிடுவேன்.

வெள்ளவத்தையில் எங்கள் பிளாட்டுக்கு நோயாளியைப் பார்க்க வந்தவர்கள், ஆப்பிளையும் திராட்சையையும் மேசையில் வைத்துவிட்டு ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். வெள்ளிக்கிழமைகளில் கோயிலை முடித்துக்கொண்டு கொட்டாஞ்சேனையிலிருந்து வரும் என் மனைவியின் தம்பி அதைக் கொஞ்சம் சத்தமாகக் கேட்பார்.

"உணர்ச்சி இல்லாத கால் எப்பிடி அத்தான் நோகும்?"

"நரம்பு பழுதானா மூளைக்குப் பிழையான செய்தி போகும்," என்று வகுப்பில் விஞ்ஞானம் படிப்பிக்கும் குரலில் தொடங்குவேன்.

"அப்ப பிழை மூளையிலதானே, கால்ல இல்லையே," என்று அவர் முடித்துவைப்பார். மகன் சுவரைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பான்.

மருந்து வலியைவிட அவனைத்தான் அதிகம் அடக்கியது. பசி என்று வாய் திறந்து கேட்பதே நின்றுபோனது. ஆஸ்பத்திரியில் அவனுக்குப் பயிற்சி கொடுக்கும் பெண்தான், கண்களை மூடித் தலையில் மாட்டும் வி.ஆர். கண்ணாடி பற்றிச் சொன்னார். மாட்டினால் உள்ளே ஒரு கடற்கரை. குனிந்தால் இரண்டு கால்கள். கையை வீசினால் அவை நடக்கும். தன் கால் நடப்பதைக் கண்டால் சிலருக்கு மூளையின் கூச்சல் கொஞ்சம் அடங்குமாம். நடக்க வைக்காது, எரிவு குறையலாம், அதுவும் எல்லோருக்கும் இல்லை என்று தெளிவாகச் சொன்னார். நாங்கள் அதைத் தெளிவாக மறந்தோம்.

கனடாவிலிருந்து என் அண்ணா அனுப்பிய கண்ணாடி வந்து சேர்ந்தபோது ராகுகாலம். துடிப்பவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பெட்டியைத் திறக்காமல் நல்ல நேரத்துக்குக் காத்திருந்தோம். வலிக்குப் பஞ்சாங்கம் பார்க்கத் தெரியவில்லை. பிறகு மனைவி, வீட்டுக்கு வந்த பிரிட்ஜுக்கும் வாஷிங் மெஷினுக்கும் அந்த மோட்டார் சைக்கிளுக்கும் செய்ததையே இதற்கும் செய்தாள்: திருநீறு, சந்தனம், குங்குமம். கண்ணாடியின் முன்பக்கத்தில் சின்னச் சின்னக் கறுப்பு வட்டங்கள் இருந்தன. பொட்டு வைப்பதற்கென்றே செய்த இடங்கள் போல.

இரவில் அது சாமியறையில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் இருந்தது. காலையில் அவள் புதுப் பொட்டு வைத்து எடுத்து வந்து, பின்னால் நின்று அவன் தலையில் மாட்டுவாள்.

"அப்பா, என்ர கால் கடலுக்குள்ள போகுது. நான் இஞ்சதான் இருக்கிறன்," என்றான் முதல் நாள். அடுத்தடுத்த நாள்களில் ஒரு கால் வானத்தில் நின்றது, மற்றது காணாமல் போனது. எரிவு கூடியது. வெள்ளிக்கிழமை மைத்துனர் தானே மாட்டிப் பார்த்தார்.

"அலை வருது அக்கா, கதவைப் பூட்டு!" என்று கத்தித் தேநீரைத் தட்டிவிட்டார். கழற்றிய பின், "டுப்ளிகேட் சாமான். திருப்பி அனுப்புங்கோ," என்று தீர்ப்பும் சொன்னார்.

கண்ணாடியும் சரிவராவிட்டால் மருந்தைக் கூட்டுவதைத் தவிர வேறு வழியில்லை என்று டொக்டர் சொல்லியிருந்தார். நான் பெட்டியைத் தேடி எடுத்தேன்.

"கடைசியா ஒருக்கா போட்டுப் பாக்கிறன்," என்று மகன் கண்ணாடியை மாமாவின் கையிலிருந்து வாங்கினான். அப்போதுதான் அதன் முகத்தை முதன்முதலாகப் பார்த்தான்.

"அம்மா, இதென்ன?"

"சந்தனம் அப்பன். நேற்று வச்சது காய்ஞ்சுபோச்செண்டு இண்டைக்குப் புதுசா வச்சனான்."

"இந்தக் கறுப்பு வட்டமெல்லாம் கமெரா அம்மா, இதுதான் இதின்ர கண். இதாலதான் என்ர கையை அது பாக்கிறது. கண்ணைக் கட்டிவிட்டிட்டு நடவெண்டா நடக்குமே?"

ஒளியையும் வில்லையையும் வருடா வருடம் படிப்பிக்கிற நான், அந்தப் பொட்டுகளைத் தினமும் பார்த்தேன். வடிவாக இருக்கிறது என்று நினைத்தேன்.

அவன் சேர்ட் நுனியால் துடைத்தான். மாட்டிக்கொண்டு கைகளை வீசினான். நான் அவன் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தேன். விபத்துக்குப் பிறகு இறுகியே கிடந்த தாடை. அது மெல்ல மெல்லத் தளர்ந்தது. நெடுநேரம் கழித்துக் கழற்றினான்.

"எரியுது. ஆனா கொஞ்சம் தள்ளி நிண்டு எரியுது."

"பாத்தியே, திருநீறு பூசினபடியாத்தான் வேலை செய்யுது," என்றார் மைத்துனர்.

"ஓம் மாமா, துடைச்ச பிறகு," என்றான். பிறகு என் பக்கம் திரும்பினான். "பசிக்குதப்பா. ஆட்டிறைச்சிக் கொத்துரொட்டி சாப்பிடோணும் போல கிடக்கு."

வெள்ளிக்கிழமை. எங்கள் வீட்டில் அன்றைக்கு முட்டைகூட உடைவதில்லை. மனைவி எழுந்து போய்ச் சாமியறைக் கதவை மெதுவாகச் சாத்தினாள்.

"இஞ்சேருங்கோ, கெதியா வாங்கிக்கொண்டு வாங்கோ. பசி போயிடும்."

கொத்துக் கடை காலி வீதியின் அந்தப் பக்கம். விளக்கு மாறியது. ஆட்கள் கடந்தார்கள். விளக்கு மறுபடி மாறிவிடப் போகிறதென்று நானும் இறங்கினேன், பஸ் ஒன்று உறுமிக்கொண்டு நிற்க, கையை உயர்த்திக்கொண்டு, யாரோ என்னைத் துரத்துவது போல. பாதி வீதியில் தொலைபேசி அடித்தது. அவனுக்கு ஏதோ ஆகிவிட்டதென்று அங்கேயே நின்று எடுத்தேன்.

மைத்துனர். குரலைத் தாழ்த்திக் கதைத்தார்.

"அத்தான், எனக்கும் ஒண்டு. ஆட்டிறைச்சியே எடுங்கோ. சாமியறை எப்பிடியும் சாத்தித்தானே கிடக்கு."