மோரா மிஸ்ஸுக்குச் சுறா இல்லை

என் தங்கை சுபோதினி சுறாக்களைப் பற்றிப் படித்தவள். இந்தக் கடலில் எந்தச் சுறா எப்போது குட்டி போடும் என்று முதன்முதலில் தேடத் தொடங்கியவர்களில் ஒருத்தி என்று பத்திரிகைகள் எழுதும். கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில் பேச்சு வேறு. கம்பஸில் முதல் வகுப்பில் தேறியவள் விடியமுன் பேலியகொடை மீன் சந்தைக்கு ஓடுகிறாளே, இதற்கா இவ்வளவு படிப்பு என்பார்கள். கலியாணம் பேச வந்தவர்களும் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் போனார்கள். அவள் கவலைப்படவில்லை. கவலையெல்லாம் ஒரே வீட்டில் இருக்கிற எனக்குத்தான்.

லொறியிலிருந்து இறக்கும் சுறாக்களை நாடாவால் அளப்பாள், வயிற்றில் குட்டி இருக்கிறதா என்று பார்ப்பாள். வருடக்கணக்காக இதே வேலை. வியாபாரிகள் முதலில் சிரித்தார்கள், பிறகு தேத்தண்ணீர் கொடுத்தார்கள். சிங்களத்தில் சுறாவை மோரா என்பதால் ‘மோரா மிஸ்’ என்று பெயரும் வைத்தார்கள். நாங்கள் பால்சுறா என்று தேடி வாங்கும் சின்னச் சுறாக்களில் பாதி, பெரிய சுறாக்களின் குட்டிகள் என்று கண்டாள். அந்தச் சுறாக்கள் தாயாகவே பத்துப் பன்னிரண்டு வருடம் செல்லுமாம். குட்டியைத் தின்றால் கடலில் என்ன மிஞ்சும்? மொத்த வியாபாரி ரிப்கானின் பின்னால் நாயாய் அலைந்து, பிரித்தறிய முடியாததால் இனிச் சின்னச் சுறாவே விற்பதில்லை என்று அவர் வாயாலேயே சொல்லவைத்தாள். அவரைப் பார்த்து மற்றவர்களும் நிறுத்தினார்கள்.

போன ஆவணியில் என் மகள் மிதுனாவுக்குப் பிள்ளை பிறந்தது. பால் சுரக்கவில்லை. பிள்ளை கத்தியது, மிதுனா அழுதாள். யாழ்ப்பாணத்துச் சனத்துக்கு இதற்குத் தெரிந்த மருந்து, உள்ளியும் மிளகும் போட்ட பால்சுறா. வெள்ளவத்தை முழுக்கத் தேடினேன். எங்கே கிடைக்கும்? என் கூடப்பிறந்தவளே நிறுத்தி வைத்திருக்கிறாளே!

“உன்ரை சுறாவின்ரை பிள்ளை வளரவேணும், எங்கடை பிள்ளை காயவேணுமோ?” என்று கேட்டுவிட்டேன்.

சிலருக்குப் பால் வர நாள் செல்லும், அதுவரைக்கும் டொக்டர் சொன்ன பால்மாவைக் கொடுப்போம், சுறாவில் ஒன்றுமில்லை என்று தொடங்கினாள். மிதுனாவின் முகத்தைப் பார்த்ததும் பேச்சை விட்டுவிட்டாள். அடுத்த நாள் அளவு நாடாவை மேசையிலேயே வைத்துவிட்டுச் சந்தைக்குப் போனாள்.

திரும்பி வந்தவளின் பையில் இருந்தது ஒட்டி மீன். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. சுறாக் கேட்டால் ஒட்டியோ என்று கத்தினேன். அவள் குசினி வாசலில் நின்று அழுதுகொண்டிருந்தாள். ரிப்கானிடம் ஒரேயொரு குட்டிச் சுறா கேட்டாளாம். அவர் மாட்டேன் என்றாராம். அவர் சொன்னதை அப்படியே சொன்னாள்:

“மிஸ், உங்களுக்குத் தந்தா நாளைக்கு யாருக்கு இல்லண்டு சொல்ற? என்ட மகளுக்குப் புள்ள கெடச்ச நேரமும் நான் குடுக்கல்ல.”

பிறகு, பிள்ளை பெற்றவளுக்கு நல்லது என்று ஒட்டியைக் கட்டிக் கொடுத்துச் சல்லி வாங்க மறுத்துவிட்டாராம்.

“எனக்கு இது தெரியாது அக்கா,” என்றாள் சுபோ. “ரிப்கானின்ரை பேரப்பிள்ளையும் இப்பிடித்தானே அழுதிருக்கும்.”

ஒட்டியை நானே வெட்டி, உள்ளி மிளகு போட்டுக் காய்ச்சினேன். இரண்டு நாளில் பால் வந்தது. ஒட்டியாலோ, வரவேண்டிய நாள் வந்ததாலோ, ஆருக்குத் தெரியும்.

சுபோ அடுத்தமுறை சந்தைக்குப் புறப்பட்டபோது, ரிப்கானின் பேரப்பிள்ளை ஆணா பெண்ணா என்று கேட்டுவரச் சொன்னேன். மிதுனாவின் பிள்ளைக்கு வாங்கிய துணியில் இன்னொரு சட்டைக்கு மிச்சம் இருந்தது.